அண்ணன் முதுகில் நான் அச்சடித்தது

ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்தால், துணி எத்தனை கனம், நூல் எந்த ரகம், சாயம் எத்தனை சலவை தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். திருப்பூரில் இதில் என்னை ஜெயித்தவர் யாருமில்லை. இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்த பையன்கள் மெஷினில் நிறுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் பித்தளைக் குடத்துக்கு மெருகு போட்டேன். பிறகு பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்தேன், கட்டிங் மாஸ்டர் ஆனேன், இன்றைக்கு நானூறு மெஷின் ஓடுகிற கம்பெனிக்கு முதலாளி. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தரையில் கை ஊன்றி நானே எழுந்தேன்.

இவ்வளவு தெரிந்த எனக்கு ஒன்று மட்டும் வராது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

அதை வெளியே தெரியாமல் காப்பாற்றி வந்தது தனிச் சாமர்த்தியம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வந்தால் ‘எஸ்’, ‘நோ’, ‘குவாலிட்டி’, ‘டெலிவரி’ என்று நாலு வார்த்தை, மீதிக்குச் சிரிப்பு. கையெழுத்து மட்டும் இங்கிலீஷில் போடுவேன். அது எழுதப் படித்தது அல்ல, படம் மாதிரி வரையப் பழகியது. என் சம்சாரத்துக்கும் பையர்களோடு ஆர்டர் விவகாரம் பார்க்கிற கம்பெனி மெர்ச்சண்டைசர் அம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஊரில் எனக்கு வெள்ளைக்காரனோடு அவன் பாஷையிலேயே பேசி ஆர்டர் பிடிக்கிறவன் என்று பெயர். பெயரைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

எங்கள் ஊர் குண்டடத்துக்குத் தெற்கே. மழை மேற்கு மலையோடு நின்றுவிடும், எங்களுக்குக் காற்று மட்டும் வந்து சேரும். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர், காட்டை விட்டு, அதாவது விவசாய நிலத்தை விட்டு, நகராதவர். என் பங்கையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை நானாகச் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்? தென்னையும் கொஞ்சம் மக்காச்சோளமும் நாலு மாடும் அவருக்கு உண்டு. நடுவில் எண்பதடிக் கிணறு. பக்கத்துக் காடுகளில் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது. அண்ணன் கிணற்றில் மட்டும் சித்திரையிலும் ஆள் முங்கத் தண்ணீர் நிற்கும். அந்தக் கிணறு இல்லையென்றால் அந்தக் காடு இல்லை, அண்ணனும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் எண்ணெய்க் கம்பெனி பெட்ரோல் கொண்டுபோகக் குழாய் பதிக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. காட்டுக்குள் அறுபதடி அகலத்தில் ஒரு பட்டை எடுத்துக்கொள்வார்களாம். நிலம் நம் பேரிலேயே இருக்குமாம். ஆனால் அந்தப் பட்டைக்குள் மரம் வைக்கக் கூடாது, கிணறு இருக்கக் கூடாது, மாட்டுக்கு ஒரு செட் போடக் கூடாது. அளந்து பார்த்தபோது அண்ணன் கிணறு பாதி அந்தப் பட்டைக்குள் விழுந்தது.

ஊர் இரண்டாகப் பிளந்தது. குழாயை ரோட்டோரமாகக் கொண்டு போ என்றது ஒரு பாதி. வருவது வரட்டும், கொடுப்பதை வாங்கிக்கொள்வோம் என்றது இன்னொரு பாதி. நட்ட அளவுக்கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். போலீஸ் வேன் வந்தது. ஒரு பாதி இன்னொரு பாதியின் நல்லது கெட்டதுக்குப் போகவில்லை. அண்ணன் கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. கல் நட்ட இடத்தில் மாட்டைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் காட்டில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருநாள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துச் சாயங்காலம் விட்டார்கள். நான் காரில் போய்க் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அண்ணன் சொன்னது ஒன்றுதான்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் தம்பி, சித்தெ வெரசாப் போகச் சொல்லு.”

அதற்கு இரண்டு மாதம் கழித்து எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி என் ஆபீசுக்கு வந்தார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர், மெட்ராஸ் பேச்சு.

“சார், நான் பைப்லைன் ஆள் கிடையாது. சி.எஸ்.ஆர். சமூகப் பொறுப்பு. உங்க ஊர் தண்ணியில உப்பு ஜாஸ்தின்னு கேள்விப்பட்டோம். ஊருக்கு நடுவுல ஒரு சுத்திகரிப்பு நிலையம் போட்டுத் தரலாம்னு இருக்கோம். நீங்கதான் திறந்து வைக்கணும்.”

“எங்கூருல பாதிப் பேரு உங்க மேல கோபமா இருக்கறாங்களே?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். அவங்க டிபார்ட்மெண்ட் வேற, எங்க டிபார்ட்மெண்ட் வேற. தண்ணிக்கு என்ன சார் கட்சி?”

கடைசியாக, திறப்பு விழாவுக்கு ஊர்க்காரர்களுக்குக் கொடுக்க ஐந்நூறு டி-ஷர்ட் வேண்டும், அதையும் உங்கள் கம்பெனியிலேயே செய்து கொடுத்துவிடுங்கள் என்றார்.

சமூகப் பொறுப்பு என்பது எனக்குப் புதிதா? எங்கள் தொழிலில் வெளிநாட்டுப் பையர் ஆள் அனுப்பி ஆடிட் செய்வான். ஆடிட் அன்றைக்கு எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் புதுப் பொம்மை இருக்கும், தொட்டில் இருக்கும். பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைப்போம். படம் எடுப்பார்கள். மறுநாள் பொம்மை பீரோவுக்குள் போய்விடும். படத்துக்காக ஒரு காரியம் செய்வது எப்படி என்று நான் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன்தான் அந்த அதிகாரி சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினேன். கல்வெட்டில் என் பேர் வரும் என்று அவர் சொன்னதும் ஒரு காரணம். மறைப்பானேன்.

அச்சடிக்க வேண்டியதன் மாதிரித் தாள் வந்தது. நெஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர்ப் படம். முதுகில் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. மேஜையைச் சுற்றி நான், பிரிண்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர் அம்மா. அந்த அம்மா தூத்துக்குடிப் பக்கம், கோயிலுக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை தொடங்காதவர், என்னிடம் இருபது வருடமாக வேலை செய்கிறவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, பின்னாடி எழுதியிருக்கத ஒரு தடவ வாசிச்சுச் சொல்லிருதேன், கேட்டுக்கிடுங்க.”

பிரிண்டிங் மாஸ்டர் எதிரில் நிற்கிறார். அவர் முன்னால் எனக்கு ஒருத்தர் வாசித்துக் காட்டுவதா?

“ஏன் அம்மிணி, முப்பது வருசமா ஊரு ஊரா மொழி மொழியா அடிச்சு அனுப்பறோம். ஒன்னையாவது படிச்சுப் பாத்தா அனுப்பிச்சோம்? நீலம் ஒரு சொட்டுத் தூக்கலா இருக்குது, கொறைக்கச் சொல்லுங்.”

“இது வெளிநாட்டுக்குப் போற சரக்கு இல்லைய்யா. உங்க ஊர்க்காரவுக போடப் போறது.”

“எங்கூருக்காரங்க எழுத்தைப் பாத்தா சட்டை போடறாங்க? மேலுக்குப் பத்துமான்னுதான் பாப்பாங்க.”

மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா தாளை என் பக்கம் தள்ளிவைத்தார். கையெழுத்து என்கிற என் படத்தை அதில் வரைந்து கொடுத்தேன்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஏற்றுமதியில் கழித்துப் போட்ட சரக்கைத்தான் ஊரே போடும். சந்தையில் ஆடு விற்கிற பெரியவர் நெஞ்சில் எந்த நாட்டுத் தீயணைப்புப் படையின் பேரோ இருக்கும். களை வெட்டுகிற பெண்கள் சேலைக்கு மேலே போட்டிருக்கும் சட்டையில் ஏதோ கடற்கரையின் பேர் இருக்கும். படித்த பிள்ளைகள்கூட அதைப் படிப்பதில்லை. முதுகில் இருக்கிற எழுத்தை ஒருத்தன் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வான் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

சரக்கில் நான் குறை வைக்கவில்லை. இலவசமாகக் கொடுக்கிற சட்டைதானே என்று எவனும் மட்டத் துணியில் தைப்பான். நான் ஏற்றுமதிக்கு வைத்திருந்த முதல் தர நூலில், கனமான துணியில் போட்டேன். அச்சு ஐம்பது சலவைக்கு நிற்கும் என்று அதிகாரியிடம் அடித்துச் சொன்னேன். என் ஊர்க்காரர்கள் உடம்பில் போடுவது என் பேர் அல்லவா.

திறப்பு விழாவுக்கு அண்ணன் வரமாட்டேன் என்றார்.

“அவங்கிட்ட ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டன் தம்பி. நீ போயிட்டு வா.”

“ஏனுங்ணா, நான் ரிப்பன் வெட்டறேன், என்ற அண்ணன் வரலீன்னா பாக்கறவன் என்ன நெனைப்பான்? குழாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்ணா. டிபார்ட்மெண்டே வேறீங்.”

அண்ணன் மாட்டுக்குத் தீவனம் அள்ளிப் போட்டார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம். நங்கையாதான் உள்ளேயிருந்து சொன்னார். “தம்பி இத்தன தூரம் வந்து கூப்பிடறாருல்ல, போயித் தலையைக் காட்டீட்டு வாங்க.”

வந்தார். வெற்றுடம்பில் துண்டு. நான் பாக்கெட்டைப் பிரித்து ஒரு சட்டையை எடுத்து, “இது அவங்களுது இல்லீங்ணா, நம்ம கம்பெனிச் சரக்கு, நான் பண்ணுனது” என்று என் கையாலேயே தலை வழியாகப் போட்டுவிட்டேன். இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தார்.

“உன்ற கம்பெனியிலயா? மெத்துனு இருக்குது.” பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, “தம்பி பண்ணுனது” என்றார்.

அண்ணன் வந்துவிட்டார் என்று பார்த்ததும் அவரோடு காட்டில் உட்கார்ந்தவர்களும் ஒவ்வொருத்தராக வந்தார்கள். எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். போட்டோக்காரர் ஒரு படம் முன்னாலிருந்து எடுத்தார். பிறகு, “எல்லாரும் திரும்பித் தண்ணீர் நிலையத்தைப் பாருங்க” என்று சொல்லி முதுகுப் பக்கத்திலிருந்தும் எடுத்தார். அதில் அண்ணன் நடுவில் நின்று தோளுக்கு மேலாக, போட்டோக்காரர் பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் நன்றாகவே விழுந்தது.

விழா முடிந்து ஆறு மாதம் கழித்து குழாய்க்கு எதிரான ஆட்சேப மனுக்களை விசாரிக்க ஓர் அரசாங்க அதிகாரி வந்தார். அடைத்து வைத்த அதே கல்யாண மண்டபத்தில்தான் விசாரணை. ஊர் முழுவதும் இருந்தது. முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி. அண்ணன் முறை வந்ததும் எழுந்து கும்பிட்டார்.

“ரோட்டோரமாப் போனா நல்லதுங்க. முடியலீன்னா அம்பதடி கெழக்கால தள்ளிப் போகச் சொல்லுங்க. கெணத்தை மட்டும் உட்டுருங்க சாமி. வேறொன்னும் கேக்கலீங்க.”

விசாரிக்க வந்தவர் நல்லவராகத்தான் தெரிந்தார். வரைபடத்தை விரித்துக் கம்பெனி இன்ஜினீயரிடம், “இந்த இடத்தில் வளைக்க முடியாதா?” என்று கேட்டார். இன்ஜினீயர் பென்சிலை எடுத்தார். “பார்க்கலாம் சார்” என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது கம்பெனி வக்கீல் எழுந்து ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். வழவழப்பான தாள், கம்பெனி ஊருக்கு ஊர் செய்த நல்ல காரியமெல்லாம் படமாகப் போட்டது. நடுப்பக்கம் முழுக்க எங்கள் ஊர்தான். முதுகுகள். நடுவில் அண்ணன்.

“இவர்கள் முதுகில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன்” என்று வக்கீல் வாசித்து, தமிழிலும் சொன்னார். “நிலம் தந்தோம், தேசம் ஓடுகிறது. மனுதாரரே அணிந்து நிற்கிறார். இதற்கு மேல் சம்மதம் என்ன வேண்டும்?”

மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. விசாரிக்க வந்தவர் படத்தையும் அண்ணனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“பெரியவரே, இது நீங்கதானா?”

“நானுங்க.”

“இந்தச் சட்டையை யாராவது வற்புறுத்திப் போட வெச்சாங்களா? விஷயம் தெரியாம போட்டதா? அப்படின்னா சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எழுந்து சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம். நான்தானுங்க போட்டுவிட்டேன், எனக்கும் படிக்கத் தெரியாதுங்க. அவ்வளவுதான். அந்த இரண்டுக்கும் கிணறு நின்றிருக்கும். ஆனால் பக்கத்து நாற்காலியில் என் சம்பந்தி. பின்னால் ஊர் முழுவதும், என்னை இங்கிலீஷ்காரன் என்று நினைத்திருக்கிற ஊர். படிக்கத் தெரிந்தே போட்டுவிட்டான் என்றால் துரோகி, தெரியாமல் போட்டான் என்றால் தற்குறி. இரண்டில் எது ஆகலாம் என்று நான் உட்கார்ந்து யோசித்தேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அண்ணன் நெடுநேரம் காத்திருக்கவில்லை.

“இல்லீங்க. யாரும் போட்டு உடலீங்க. நானாத்தான் போட்டனுங்க.”

இன்ஜினீயர் பென்சிலைப் பையில் வைத்தார்.

மறுநாள் மெர்ச்சண்டைசர் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். “ஏன் அம்மிணி, அன்னைக்கே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாமல்ல?”

“மாஸ்டர் நின்னாருய்யா. நீங்க சிரிச்சிய” என்றார்.

குழாய் பதித்த அன்றைக்கு நான் போனேன். மஞ்சள் மெஷின் தென்னைகளைத் தள்ளியது. பிறகு தோண்டிய மண்ணை வாரி வாரிக் கிணற்றுக்குள் கொட்டினார்கள். முதலில் தண்ணீர் சத்தம் கேட்டது. அப்புறம் சேறு விழுகிற சத்தம். அப்புறம் வெறும் மண். அண்ணன் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். மாடு பழக்கத்தில் அந்தப் பக்கமே இழுத்தது.

அவரோடு காட்டில் உட்கார்ந்தவர்கள் அவர் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டார்கள். டீக்கடைக்குப் போனால், “ஏனுங் மாமா, இன்னைக்கு எந்தக் கம்பெனிச் சட்டை போட்டிருக்கறீங்க?” என்று எவனாவது கேட்பான். நங்கையாவின் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கே பத்திரிகை வரவில்லை. எல்லாம் எனக்குக் காதில் விழுந்தது. யாரிடமும் அண்ணன் என் பேரைச் சொல்லவில்லை என்பதும் விழுந்தது. என்னைப் பார்த்து இன்றுவரை ஊரில் ஒருத்தன் ஒரு சொல் சொன்னதில்லை.

கிணறு போனதும் மாடுகள் போயின. குழாய் பதித்து முடித்த பிறகு தண்ணீர் நிலையத்தில் ஏதோ ஒரு பாகம் கெட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் அந்த டிபார்ட்மெண்ட் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்றார்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து சரி செய்தேன். இன்றுவரை என் சொந்தச் செலவில்தான் அது ஓடுகிறது. இதையும் நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்வெட்டில் என் பேர் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் குழாயில்தான் அண்ணன் கேன் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார். ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேன் என்றவர். வேறு தண்ணீர் இல்லை.

போன மாதம் போயிருந்தேன். அண்ணன் இரண்டு கைக்கும் இரண்டு கேனோடு வந்துகொண்டிருந்தார். உடம்பில் அதே சட்டை. காட்டுவேலைக்கு அதைத்தான் போடுகிறாராம், துவைத்துத் துவைத்து. ஒரு கேனை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

“ஏனுங்ணா, கோர்ட்டுக்குப் போலாங்ணா. நான் வந்து சொல்றேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னே சொல்றேன். எல்லாருக்கும் முன்னால சொல்றேன்.”

“எதுக்கு? மூடுன கெணத்துல தண்ணி ஊறுமா?”

“சரி, அந்தச் சட்டையையாச்சும் கழட்டி எறிங்ணா. புதுசா நூறு சட்டை கொண்டாந்து போடறேன்.”

குனிந்து சட்டையைப் பார்த்தார். குத்திக் காட்டுகிற முகம் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நல்லாத்தான இருக்குது, ஏன் எறியோணும்? மூனு வருசமாப் போடறன், ஒரு நூலு பிரியல. சாயம் போகல. உன்ற சரக்கு சரக்குதான் தம்பி.”

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். குழாய் போகிற பட்டையில் மரம் இல்லை, நிழல் இல்லை. ஒற்றையடிப் பாதை, அதனால் நான் பின்னால்தான் போக வேண்டியிருந்தது. விசாரணைக்குப் பிறகு மெர்ச்சண்டைசர் அம்மாவிடம் உட்கார்ந்து, அண்ணன் முதுகில் இருக்கும் அந்த வரியை எழுத்து எழுத்தாகக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆறு வார்த்தை. ஐம்பது சலவை எப்போதோ தாண்டியிருக்கும், ஓர் எழுத்துகூட வெடிக்கவில்லை, உதிரவில்லை. இங்கிலீஷில் எனக்கு முழுதாகப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். வீடு வரும்வரை படித்துக்கொண்டே போனேன்.